நீராவியும் நாயும்: சிறுவர் ஸ்டீம்பங்க் கதையில் சறுக்கும் இடங்கள்

பித்தளைக் குழாய், பல்சக்கரம், கண்ணாடி மாட்டிய நாய், வானத்தில் ஒரு கப்பல். இத்தனையும் போட்டுவிட்டால் ஸ்டீம்பங்க் கதை (நீராவிக் காலத்து இயந்திரங்களால் ஓடும் கற்பனை உலகத்துக் கதை) தயார் என்று நினைத்துத்தான் பலர் தொடங்குகிறார்கள். 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளோ மூன்றாவது பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். "இது எப்படி ஓடுது?" என்று கேட்கும் வயது அது. பதில் சொல்லாத இயந்திரம் அவர்களுக்கு வெறும் அலங்காரம்தான். இந்த வகைக் கதையில் சிரிப்பே இயந்திரம் தன் விதியை அட்சரம் பிசகாமல் பின்பற்றுவதால்தான் வருகிறது. அந்த விதியை முன்கூட்டியே சொல்லாமல் விட்டால், எது வெடித்தாலும் வெறும் சத்தம்தான்.

சாவியைத் திருகினால் கிளம்பும் எஞ்சின்

எல்லோரும் செய்யும் தவறு இது. வில்லன் வாசலில் நிற்கிறான், கதாநாயகி நீராவி வண்டியில் தாவி ஏறிப் பறக்கிறாள். அது கார். நீராவி எஞ்சின் அப்படிக் கிளம்பாது. முதலில் தீ மூட்ட வேண்டும், தண்ணீர் கொதிக்க வேண்டும், அழுத்தமானியின் முள் ஏற வேண்டும். முழு அளவு ரயில் எஞ்சின் குளிர்ந்து கிடந்தால் பல மணி நேரம் ஆகும். சின்ன வண்டியானாலும் காத்திருக்கத்தான் வேண்டும். இந்தக் காத்திருப்பை ஒளிக்காதீர்கள். வில்லன் மாடிப்படி ஏறிக்கொண்டிருக்கிறான், முள் ஏற மறுக்கிறது, நாய் மட்டும் கதகதப்பான பாய்லருக்குப் பக்கத்தில் சுருண்டு தூங்குகிறது. துரத்தல் காட்சியின் பாதிச் சிரிப்பு இங்கேயே கிடைத்துவிடும்.

அடுத்த சறுக்கல் தண்ணீர். நிலக்கரி தீர்ந்துபோவதை எழுதுகிறார்கள், தண்ணீர் தீர்வதை மறந்துவிடுகிறார்கள். 1 கிலோ நிலக்கரி ஏறத்தாழ 6 முதல் 8 கிலோ தண்ணீரை ஆவியாக்கும். அதனால் நிலக்கரிக்கு முன்பே தண்ணீருக்குத்தான் நிற்க வேண்டி வரும். பாய்லருக்குள் நீர்மட்டம், தீ எரியும் அறையின் கூரைக்குக் கீழே இறங்கினால் அந்த உலோகத் தகடு காய்ந்து இளகி, அழுத்தம் தாங்காமல் வெடிக்கும். பொறியாளர் ரிச்சர்ட் டிரெவிதிக் 1801 கிறிஸ்துமஸ் சமயத்தில் இங்கிலாந்தின் கேம்போர்னில் ஒரு நீராவி வண்டியை ஓட்டினார். சில நாளில் அது வழியில் மக்கர் செய்ய, தீயை அணைக்காமலே ஓரம் கட்டிவிட்டு எல்லோரும் விடுதிக்கு வாத்துக் கறி சாப்பிடப் போனார்கள். தண்ணீர் வற்றி வண்டி எரிந்தே போனது. இப்படி ஒரு அத்தியாயத்தை வரலாறே எழுதி வைத்திருக்கும்போது "மர்மமான கோளாறு" எதற்கு?

1803-இல் லண்டன் கிரீனிச்சில் டிரெவிதிக்கின் பாய்லர் ஒன்று வெடித்து நான்கு பேர் இறந்தார்கள். அதன்பின் அவர் கொண்டுவந்த பாதுகாப்புகளில் ஒன்று ஈய அடைப்பு. தண்ணீர் வற்றினால் முதலில் ஈயம் உருகும், அந்த ஓட்டை வழியாக நீராவி பாய்ந்து தீயை அமுக்கும். கதையில் இதைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு. ஆளும் சாகாமல் எஞ்சினும் நின்றுபோகும் நெருக்கடி வேண்டுமானால் இதைவிடத் தோதான உறுப்பு கிடையாது.

வெள்ளையாகத் தெரிவது நீராவி அல்ல, குளிர்ந்து துளியாகிவிட்ட நீர். உண்மையான நீராவி கண்ணுக்குத் தெரியாது. கசியும் குழாயின் வாயிலிருந்து கொஞ்ச தூரம் தள்ளித்தான் வெண்புகை தொடங்கும். கை சுடும் இடம் வெறுமையாகத் தெரியும் அந்த இடைவெளிதான்.

சுற்றாத சக்கரங்களும் திரும்பி வராத கப்பலும்

ஓவியருக்கு ஒரு வரி எழுதி அனுப்புங்கள்: மூன்று பல்சக்கரங்களை ஒன்றோடொன்று முக்கோணமாகப் பொருத்தி வரையக்கூடாது. பக்கத்துப் பக்கத்துச் சக்கரங்கள் எதிரெதிர்த் திசையில் சுற்ற வேண்டும். முக்கோணமாகப் பூட்டினால் மூன்றும் இறுகி நின்றுவிடும். அட்டைப்படத்திலேயே இந்தத் தவறு இருந்தால் இயந்திரப் பைத்தியமான ஒரு பிள்ளை கட்டாயம் கண்டுபிடித்துவிடும். 10 பல் சக்கரம் 40 பல் சக்கரத்தைச் சுழற்றினால் வேகம் கால்பங்காகும், திருகுவிசை நான்கு மடங்காகும். சின்ன நாய் பெரிய கதவைத் திறக்கும் காட்சிக்கு இந்த ஒரு கணக்கு போதும். ஆனால் கதவு மெதுவாகத்தான் திறக்கும். அதையும் எழுதுங்கள்.

வான்கப்பலுக்கும் இதே கதிதான். பிரான்சின் ஆன்ரி ஷிஃபார் 1852 செப்டம்பர் 24 அன்று பாரிஸிலிருந்து டிராப் வரை 27 கிலோமீட்டர் நீராவிக் கப்பலில் பறந்தார். எஞ்சின் வெறும் 3 குதிரைத்திறன், வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர் அளவு. தலைக்கு மேலே பை நிறைய எரியக்கூடிய வாயு, கீழே எரியும் அடுப்பு. பொறி மேலே போகாதிருக்கப் புகைபோக்கியைக் கீழ்நோக்கித் திருப்பி வைத்தார். காற்றை எதிர்த்துப் புறப்பட்ட இடத்துக்குத் திரும்ப எஞ்சினுக்குப் பலம் போதவில்லை. உங்கள் கப்பல் மின்னலாகப் பறந்து, சாப்பாட்டு நேரத்துக்கு வீடு திரும்பினால் இத்தனை நல்ல சிக்கல்களையும் தூக்கி எறிந்துவிட்டீர்கள் என்று பொருள்.

பக்கத்துக்கு ஒரு கண்டுபிடிப்பு

ஒரு பெரிய இயந்திரம், இரண்டு சின்னக் கருவிகள். ஒரு புத்தகத்துக்கு இது தாராளம். ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டையில் மூன்று வரி எழுதி வையுங்கள்: அதற்கு என்ன வேண்டும், என்ன செய்யும், எப்போது முரண்டு பிடிக்கும்.

ரொட்டிக்கு வெண்ணெய் தடவும் இயந்திரம் என்றால் வழக்கமாக இப்படி எழுதுவார்கள்: "இயந்திரம் திடீரென்று பைத்தியம் பிடித்ததுபோல் ஆடியது. வெண்ணெய் எல்லாப் பக்கமும் பறந்தது. எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்." ஏன் ஆடியது என்பதற்குக் காரணமில்லை. பாத்திரங்களே சிரித்துவிட்டதால் வாசகருக்கு வேலையுமில்லை.

இதையே முதல் அத்தியாயத்தில், "தட்டில் தட்டையாக எது வந்தாலும் அது வெண்ணெய் தடவும், ரொட்டி எது என்று அதற்குத் தெரியாது" என்று ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். இரண்டாம் அத்தியாயத்தில் தபால்காரர் கடிதத்தை அங்கே வைக்கிறார். மூன்றாவதில் இன்ஸ்பெக்டர் தொப்பியை வைக்கிறார். நாய் இரண்டையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. மறுநாள் தானே வந்து காதைத் தட்டில் விரித்து வைத்து, வெண்ணெய் விழுந்ததும் நக்கிக்கொண்டு போகிறது. கண்டுபிடித்தவளைவிட நாய்க்கு இயந்திரம் நன்றாகப் புரிந்துவிட்டது. கடைசியில் வில்லன் திருடிய வரைபடத்தை அந்தத் தட்டில் விரிக்கும்போது என்ன ஆகும் என்பது நாய்க்கும் தெரியும், வாசகருக்கும் தெரியும். வில்லனுக்கு மட்டும் தெரியாது.

சொந்தமாக விசித்திரம் யோசிக்கிறேன் என்று சிரமப்படும் முன் பழைய நிஜங்களைப் பாருங்கள். 1829 அக்டோபரில் இங்கிலாந்தின் ரெயின்ஹில்லில் நடந்த ரயில் எஞ்சின் போட்டிக்கு வந்த 'சைக்ளோபெட்' வண்டியில் எஞ்சினே கிடையாது. ஓடும் பட்டையில் ஒரு குதிரை நடந்து அதை இழுத்தது. குதிரை தரைப்பலகையை உடைத்துக்கொண்டு கீழே இறங்கியதோடு அந்த வண்டியின் போட்டி முடிந்தது. 1851 லண்டன் பெரும் கண்காட்சியில் ஜார்ஜ் மெரிவெதர் என்ற மருத்துவர் வைத்தது புயல் சொல்லும் கருவி: 12 குப்பிகளில் இரத்தம் உறிஞ்சும் 12 அட்டைப் பூச்சிகள். புயல் வரும்போது அட்டை மேலே ஏறி ஒரு சிறு துண்டைத் தட்டும், மணி அடிக்கும். அட்டைகளுக்குத் தனிமை வாட்டாமலிருக்க ஒன்றையொன்று பார்க்கும்படி குப்பிகளை வட்டமாக அடுக்கியிருந்தார்.

நாயை நாயாக விடாதது

பேசும் நாய், கணக்குப் போடும் நாய், கடைசி நிமிடத்தில் எல்லாவற்றையும் புரிந்துகொண்டு விசையை இழுக்கும் நாய். நாய்த்தோல் போர்த்திய மனிதன் அது, அதனிடம் சிரிப்பு வராது. நாயின் புலன்களிலிருந்து கதையைக் கட்டுங்கள். மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், நாய்க்கு 45,000 வரை கேட்கும். உயர் அழுத்தக் கசிவில் நமக்குக் கேட்காத கீச்சொலியும் உண்டு. ஆக, பாய்லர் கசிவதை முதலில் அறிவது நாய்தான். ஆனால் அது பூனைக்கும் குரைக்கும், தபால்காரருக்கும் குரைக்கும். அதனால் யாரும் நம்புவதில்லை.

நிறத்தில் மிக எளிதாகத் தவறு வரும். நாய்க்கு நீலமும் மஞ்சளும் தெரியும், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவது கடினம். "சிவப்பு நெம்புகோலை இழு!" என்று கத்தினால் அது எதையாவதுதான் இழுக்கும். நாயை வெற்றிபெறச் செய்ய வேண்டுமா? நெம்புகோலில் பன்றி இறைச்சி வாசனை இருக்கட்டும்.

பாய்லர் அறையில் நாய்க்குப் பித்தளைக் கவசம் மாட்டுவது படத்துக்கு அழகாக இருக்கலாம். நாய்க்குப் பாதத்தில் மட்டும்தான் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். கவசத்தோடு அது வெந்துவிடும் என்று நாய் வளர்க்கும் பிள்ளைக்குத் தெரியும். பரிசாகச் சாக்லேட் கொடுக்கும் காட்சியும் வேண்டாம். சாக்லேட், உலர்திராட்சை, வெங்காயம் மூன்றுமே நாய்க்கு நஞ்சு, படித்துவிட்டு வீட்டில் செய்துபார்ப்பார்கள். அதே காரணத்தால், மூடி இறுக்கிய டப்பாவை அடுப்பில் வைக்கும் கதாநாயகியும் வேண்டாம். அவள் செய்யும் எதிலும் பாதுகாப்பு வால்வு கண்ணில் படட்டும்.

நாய்க்கு வேலை தேடுகிறவர்களுக்கு வரலாறு கை கொடுக்கும். பிரிட்டிஷ் சமையலறைகளில் இறைச்சிக் கம்பியைச் சுழற்றுவதற்கென்றே நீள உடம்பும் குட்டைக் காலுமாக ஒரு நாயினம் இருந்தது. சுவரில் உயரமாக மாட்டிய சக்கரத்துக்குள் ஓடுவதுதான் அதன் பிழைப்பு. பாடம் செய்யப்பட்ட அப்படி ஒரு நாய், 'விஸ்கி', வேல்ஸின் அபர்கவெனி அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. அந்த வேலையை இயந்திரம் பறித்துக்கொண்டதால் தெருவுக்கு வந்த நாய் என்று தொடங்கினால், கண்டுபிடிப்புக்கும் நாய்க்கும் ஒரு பழைய பகை தானாக அமையும்.

ஆண்டைத் தீர்மானிக்காமல் எழுதுவது

லண்டன், 1868 என்று முடிவு செய்தால் தந்தி உண்டு, தொலைபேசி இல்லை (1876). எடிசனின் விளக்கும் இல்லை (1879). ஸ்டீம்பங்கில் வரலாற்றை வளைக்கலாம், ஆனால் ஒரு இடத்தில் வளையுங்கள். எல்லாவற்றையும் வளைத்தால் எது அதிசயம் என்று பிள்ளைக்குத் தெரியாது.

ஓடும் நீராவி எஞ்சினைப் பார்க்காமல் எழுத வேண்டாம். மேட்டுப்பாளையம்–குன்னூர் மலைப்பாதையில் ஏறத்தாழ 12 அடிக்கு ஓரடி ஏறும் செங்குத்தில் எஞ்சின் பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகும், வழியில் தண்ணீருக்கு நிற்கும். அங்கே காதில் விழும் சத்தங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். "சிக்குபுக்கு" மட்டும் அல்ல என்பது முதல் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எழுதி முடித்ததும் உங்கள் இயந்திர வருணனையை மட்டும் தனியே எடுத்து, கதை தெரியாத ஒரு பத்து வயதுப் பிள்ளையிடம் கொடுத்து வரையச் சொல்லுங்கள். பென்சில் எங்கே நிற்கிறதோ, அந்த வாக்கியத்தைத் திரும்ப எழுத வேண்டும்.