புள்ளி தெரியும் திரை

மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. நாள் முழுக்கத் திரையில் தமிழ்தான். ‘க’வா ‘க்’கா, ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா என்று உற்றுப் பார்க்கிற வேலைக்குத் திரை ஒத்துழைக்காவிட்டால் மதியத்துக்குள் நெற்றிப்பொட்டு தெறிக்கும். கண் வலித்தால் எல்லோரும் முதலில் நிறத்தில்தான் கை வைக்கிறார்கள். வெளிச்சத்தைச் சரிசெய்த பிறகு நிறத்துக்குப் போவதே நல்லது.

திரையில் ஒரு வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திறங்கள். வழக்கமாக உட்காரும் அதே இடத்தில், திரையை ஒட்டி ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். திரை டியூப்லைட் மாதிரி எரிந்தால் பிரைட்னஸைக் குறையுங்கள். சாம்பல் பூத்தாற்போல் இருந்தால் கூட்டுங்கள். தாளும் திரையும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரிகிற அளவே போதும். பகலுக்கு ஓர் அளவு, இரவுக்கு ஓர் அளவு என்று மாறும். இருட்டறையில் திரையை மட்டும் குறைத்துக்கொண்டே போகாமல் ஒரு விளக்கைப் போடுங்கள். சில திரைகள் குறைந்த வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரியும். அது சிலருக்குத் தலைவலி தரும்.

அப்புறம் நிறம். திரையின் வெள்ளைக்கு வழக்கமான அளவு 6500 கெல்வின் (வெள்ளையின் சாயலைச் சொல்லும் அலகு). அதைக் குறைக்கக் குறைக்க வெள்ளையில் மஞ்சள் ஏறும். விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே என்று போனால் இந்த மஞ்சளை ஏற்றும் ‘நைட் லைட்’ இருக்கும். மேக்கில் டிஸ்பிளே அமைப்புக்குள் ‘நைட் ஷிஃப்ட்’. நகர்த்தியைக் கடைசி வரை இழுத்துவிடாதீர்கள். நீலம் குறைந்தால் வெள்ளையும் மஞ்சளும் ஒன்றுபோல் ஆகிவிடும். மஞ்சள் ஹைலைட் போட்ட வரி கண்ணிலேயே படாது. கால்வாசியில் நிறுத்திப் பாருங்கள். அட்டைப்பட நிறம் பார்க்கும்போது முழுசாக அணைத்துவிடுங்கள். திரையின் நீல ஒளி கண்ணைக் கெடுக்கும் என்ற பயம் வேண்டாம். அதற்குச் சான்று இல்லை என்றே அமெரிக்கக் கண் மருத்துவக் கழகம் சொல்கிறது. திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைந்துவிடும். அதில்தான் பாதி எரிச்சல்.

எனக்கு அதிகம் பலன் தந்தது பின்னணி நிறம். 0 முதல் 255 வரை போகும் நிற எண்களில் சிவப்பு 250, பச்சை 244, நீலம் 228 என்று கொடுத்தால் பழைய புத்தகத் தாளின் நிறம் வரும். எழுத்துக்கு மூன்றிலும் 50. கருமைக்குச் சற்று இப்பால். சாம்பல் எழுத்து அழகாக இருக்கிறதே என்று இன்னும் வெளிறச் செய்தால் முதலில் காணாமல் போவது புள்ளிதான். இணைய அணுகல் விதிகள் சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு கேட்கின்றன. எனக்கு அதுவே போதாது.

டார்க் மோடு? கறுப்பில் வெள்ளை எழுத்து, முக்கியமாக அஸ்டிக்மாடிசம் (கண்ணின் வளைவு சீராக இல்லாத பார்வைக் குறை) உள்ளவர்களுக்கு, ஓரம் கசிந்தாற்போல் தெரியலாம். அப்போது ‘ண’வும் ‘ன’வும் குழம்பும். டார்க் மோடுதான் வேண்டும் என்றால் சுத்தக் கறுப்பைத் தவிர்த்து அடர்சாம்பலை வையுங்கள்.

ஃபயர்பாக்ஸில் ரீடர் வியூவைத் திறந்தால் செபியா என்ற பழுப்பு மஞ்சள் நிறம் தயாராக இருக்கும். வேர்டில் டிசைன் பட்டைக்குள் ‘பேஜ் கலர்’. ஆனால் அந்த நிறம் கோப்போடு சேர்ந்து போகும், ஆசிரியரும் மஞ்சள் பக்கத்தைத்தான் திறப்பார். அனுப்பும் முன் ‘நோ கலர்’ கொடுத்துவிடுங்கள். லிப்ரே ஆஃபீஸின் ஆப்ஷன்ஸில் ஆவணப் பின்னணியை மாற்றினால் இந்தத் தொல்லை இல்லை. நிறம் உங்கள் கணினியோடு நின்றுவிடும்.