வங்கிக்கு வந்தவரும் ஓவியம் பார்க்கட்டும்: மாடிக் கட்டடத்துக்குள் ஒரு கலைக்கூடம் அமைக்க

மட்டக்களப்பில் திருமலை வீதியிலும் பார் வீதியிலும் அலுவலகக் கட்டடங்கள் மாடி மாடியாக எழும்புகின்றன. கண்ணாடி முகப்பு, லிஃப்ட், ஏசி எல்லாம் உண்டு. சுவரில் மட்டும் கலண்டர்தான். கல்லடி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படித்து முடிக்கிற பிள்ளைகளின் படங்களோ கண்காட்சி முடிந்ததும் வீட்டில் அலுமாரிக்குப் பின்னால் போய்விடுகின்றன. சித்திரம் படிப்பிக்கிறவள் நான். இதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கட்டடம் வைத்திருப்பவர்களும் அதை நிர்வகிப்பவர்களும் வாசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில், எந்த மாடி? உச்சியில் வைத்தால்தான் மதிப்பு என்று நினைக்கவேண்டாம். டோக்கியோவில் மோரி கோபுரம் 54 மாடி, 238 மீற்றர். 2003இல் திறந்த மோரி கலைக்கூடம் அதில் 53ஆவது மாடியில் இருக்கிறது. அவ்வளவு உயரத்துக்கும் சனம் ஏறுவதற்குக் காரணம் உண்டு: பார்வையாளருக்கென்று தனி நுழைவாயில் கட்டினார்கள், பெரும்பாலான நாட்களில் இரவு 10 மணிவரை திறந்து வைக்கிறார்கள். அதே நகரில் ஷின்ஜுகுவில், ஒரு காப்புறுதி நிறுவனத்தின் கோபுரத்தில் 1976 முதல் 42ஆவது மாடியில் இருந்த கலைக்கூடம், வான் கோவின் சூரியகாந்திப் படத்தோடு 2020இல் கோபுரத்தின் அடியில் தனிக் கட்டடத்துக்கு இறங்கி வந்துவிட்டது. நமக்கும் கீழ் மாடிதான் சரி.

படுவான்கரையிலிருந்தோ வாழைச்சேனையிலிருந்தோ பஸ் பிடித்து வந்து, டோக்கன் எடுத்துக்கொண்டு காத்திருக்கிறவர்தான் உங்கள் முதல் பார்வையாளர். ஆகவே படத்தைக் கதிரைகளுக்கு எதிர்ச் சுவரில் மாட்டுங்கள். கதிரைக்கு மேலே மாட்டினால் யாரும் பார்க்கமாட்டார்கள், தலை எண்ணெயும் பட்டுவிடும். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 150 சென்ரிமீற்றர் அளவில் நிற்கட்டும். உட்கார்ந்தே பார்க்கிற இடமென்றால் ஒரு சாண் இறக்குங்கள்.

அடுத்தது ஈரம். மற்ற எதையும் விட இதற்குத்தான் நேரம் ஒதுக்கவேண்டும். இந்த ஊரில் ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். மாரி தொடங்கினால் காற்றே நனைந்திருக்கும். அலுவலகத்தில் பின்னேரம் ஏசியை நிறுத்துவார்கள். இரவு முழுக்க ஈரக்காற்று உள்ளே இருக்கும். காலையில் திரும்பவும் ஏசி. கடதாசி இரவில் ஈரத்தை இழுத்து விரியும், பகலில் காய்ந்து சுருங்கும். இப்படியே போனால் நீர்வர்ணப் படம் சட்டத்துக்குள் அலை அலையாக நெளிந்துவிடும். நெளிந்த இடம் கண்ணாடியில் ஒட்டிப் பூஞ்சணம் பிடித்தால், பிரித்தெடுக்கும்போது வர்ணமும் கண்ணாடியோடு உரிந்து வரும்.

இதற்குச் செய்யவேண்டியது பெரிய செலவில்லை. படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் தடித்த மவுண்ட் அட்டை வைத்து இடைவெளி விடுங்கள். மழை அடிக்கிற வெளிச்சுவரை விட்டு, உட்சுவரில் மாட்டுங்கள். சட்டத்தின் கீழ் மூலைகள் இரண்டிலும் பின்பக்கம் ரப்பர் துண்டு ஒட்டினால் படம் சுவரைத் தொடாமல் நிற்கும், பின்னால் காற்றோடும். பின்பலகைக்கு ஹார்ட்போட் வேண்டாம், கறையான் வரும். விளம்பரப் பலகை செய்கிற நெளி பிளாஸ்ரிக் ஷீட் போதும், அது ஈரத்தையும் குடிக்காது. மாரி காலத்தில் அடிக்கடி ஒவ்வொரு படத்தையும் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள்.

தொங்கவிடுவதற்குத் தங்கூசி (மீன்பிடிக்கிற நைலோன் நூல்) எடுத்து வருவார்கள், இங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும் என்பதால். கனமான படத்துக்கு அது ஆகாது. நாள்பட இழுபடும், முடிச்சும் வழுக்கும். முறுக்கிய கம்பியும் சுவரில் இரண்டு கொளுக்கியும் பாவியுங்கள். இரண்டு இருந்தால் படம் சாயாது.

வெளிச்சத்துக்கு வருவோம். நீர்வர்ணம், பத்திக், மருதமுனை கைத்தறித் துணி போன்றவற்றுக்கு 50 லக்ஸ், எண்ணெய் வர்ணத்துக்கு 200 லக்ஸ் என்பது அருங்காட்சியகங்கள் பின்பற்றும் அளவு. லக்ஸ் என்பது ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு. போனில் ஒரு செயலி போட்டால் ஓரளவு அளக்கலாம். கிழக்குப் பார்த்த கண்ணாடி முகப்பில் காலை வெயிலுக்கு அது ஆயிரக்கணக்கில் ஏறும், அங்கே மாட்டிய படம் வெளிறிப்போகும். அந்த இடத்தைச் சுடுமண் சிற்பத்துக்கும் உலோக வேலைக்கும் கொடுத்துவிடுங்கள்.

பெயர்ப்பலகை தமிழில், தள்ளி நின்று வாசிக்கக்கூடிய எழுத்தில் இருக்கட்டும்: வரைந்தவர் பெயர், ஊர், ஆண்டு, எதில் வரைந்தது. சிங்களமும் ஆங்கிலமும் கீழே சேர்க்கலாம்.

வாசலில் நிற்கும் காவலாளியைக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு படத்தையும் நீங்களே காட்டுங்கள். சாரத்தோடு வருகிற ஐயாவைப் பார்த்து அவர் “என்ன அலுவல்?” என்று கேட்டால் அதோடு எல்லாம் முடிந்தது. “படம் பார்க்கலாம், உள்ளுக்கு வாங்க” என்று அவர் வாயால் வரவேண்டும்.

கடைசியாகக் கணக்கு வழக்கு. வரைந்தவரிடமிருந்து படத்தைப் பொறுப்பேற்கும்போதே முன்னும் பின்னும் போட்டோ எடுத்து, இரு தரப்பும் கையெழுத்து வையுங்கள். கட்டடத்தின் காப்புறுதி பிறர் பொருளுக்கும் செல்லுமா என்று கேட்டு எழுத்தில் பெறுங்கள். படத்துக்குச் சட்டம் போடும் செலவு கட்டடத்துக்காரருடையது. படம் விற்றால் பணம் முழுவதும் வரைந்த பிள்ளைக்கு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை படங்களை மாற்றுங்கள். முதல் கண்காட்சியை மாரி ஓய்ந்த பிறகு, மாசி, பங்குனியில் வையுங்கள். அப்போது சுவரும் காய்ந்திருக்கும்.