ஓர் எண்ணுக்குள் இரண்டு காளான்கள்

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காட்டுக்கு முதன்முறையாகக் காளான் சேகரிக்க வந்த மாணவர்களுடன் சில நாட்கள் நடந்தேன். வனத்துறை அனுமதி, அட்டைக்கடி போன்றவற்றை அவர்களே அறிந்திருந்தார்கள். ஆனால் தொடக்கத்தில் நான் செய்த பிழைகளையே அவர்களும் செய்வதைக் கண்டதால் இதை எழுதுகிறேன்.

ஓரிடத்தில் முளைத்தவை ஓரினம் என எண்ணுதல்

ஒருமுறை வெள்ளைக் குங்கிலிய மரத்தடியில் ருசுலா என்னும் பேரினத்தைச் சேர்ந்த 11 காளான்களைக் கண்டேன். சிலவற்றின் குடை அடர்சிவப்பாகவும் மற்றவற்றின் குடை வெளிர்சிவப்பாகவும் இருந்தது. ருசுலாவின் சிவப்பு மழையில் கரைந்து வெளுக்கும் என்று படித்திருந்ததாலேயே, வெளிறியவை மழையில் அதிகம் நனைந்தவை என்று முடிவு செய்து, அனைத்தையும் ஒரே பொட்டலத்தில் ஒரே சேகரிப்பு எண்ணின் கீழ் வைத்தேன். அன்றிரவு ஒரு குடையை மட்டும் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து ஸ்போர் அச்சு, அதாவது காளானின் விதைபோன்ற நுண்துகள்கள் உதிர்ந்து படியும் தடம், எடுத்தேன். காலையில் வெண்தூள் படிந்திருந்தது. பல மாதங்களுக்குப் பின், அதே பொட்டலத்தின் இன்னொரு காளானில் குடையின் அடியிலுள்ள மடிப்புகளான செவுள்களுக்கு இடையே தங்கியிருந்த தூள் வெளிர்மஞ்சளாக இருந்ததைக் கண்டேன். ருசுலாவில் ஸ்போர் தூளின் நிறம் இனங்களைப் பிரித்தறிய உதவும் முதன்மையான அடையாளம். நான் எழுதிய மணமும் சுவையும் எந்த இனத்துக்குரியவை என்று சொல்ல இயலவில்லை. உலர்ந்த காளானிலிருந்து அவற்றை மீட்கவும் முடியாது. மறுபருவம் அதே மரத்தைத் தேடிச் சென்றேன். ஒன்றுகூட முளைத்திருக்கவில்லை. அந்தப் பொட்டலத்தை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

சிறு ஐயம் இருந்தாலும் தனி எண் கொடுங்கள். ஒன்றே என்று உறுதியானபின் எண்களை இணைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு காளானையும் நெடுக்காக அறுத்துப் பாருங்கள். ஒரு மாணவி ஒரே இனம் என்று நீட்டிய மூன்றில் ஒன்றை அறுத்தபோது செவுள்களிலிருந்து வெண்பால் துளிர்த்தது. அது ருசுலாவே அன்று. பால் வடியும் லாக்டேரியஸ் வகை.

தரைமட்டத்தில் அறுத்தல்

அமானிட்டா என்னும் காளான் வகையில் தண்டின் அடியைச் சூழ்ந்திருக்கும் அடியுறை பெரும்பாலும் மண்ணுக்குள்ளேயே இருக்கும். புற்றுக்காளானின் வேர்போன்ற நீட்சியோ கறையான் வளர்க்கும் பூஞ்சைக்கூடு வரை இறங்கும். ஆகவே கத்தியால் சுற்றித் தோண்டி முழுமையாக எடுக்க வேண்டும்.

பிளாஸ்டிக் பை

வேண்டாம், காளான் வியர்த்து அழுகும். மெழுகுத்தாளில் சுற்றுங்கள்.

அருகிலுள்ள மரத்தைக் குறிக்காமை

வேரோடு கூடிவாழும் காளானுக்கு மரமே பாதி முகவரி.

உலர்த்துவதைத் தள்ளிப்போடுதல்

மரபணு ஆய்வுக்கென ஒரு சிறு துண்டை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லில் இட்டபின், எஞ்சியதை அன்றிரவே 40 முதல் 45 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உலர்த்தத் தொடங்குங்கள். அதற்கு மேல் சூடேற்றினால் காளான் வெந்துவிடும். ஒடித்தால் சட்டென்று முறியும் பதம் வந்ததும், எண் எழுதிய சீட்டோடு காற்றுப்புகாத பையில் அடையுங்கள். உலர்த்தியின் தட்டிலும் அந்தச் சீட்டு காளானை விட்டுப் பிரியக் கூடாது.