வேண்டாத மின்னஞ்சல்களைக் கையாளும் முறை

வேண்டாத மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் ஒரே விதமாகக் கையாளக் கூடாது. நாம் எப்போதோ பொருள் வாங்கிய கடையோ, பதிவு செய்துகொண்ட தளமோ அனுப்பும் விளம்பரங்கள் ஒரு வகை. யாரென்றே தெரியாதவர்கள் அனுப்புபவை வேறு வகை. முதல் வகைக்கு மடலின் மேலோ அடியிலோ உள்ள ‘அன்சப்ஸ்கிரைப்’ இணைப்பை அழுத்தினால் போதும். பெருமளவில் விளம்பர மடல் அனுப்புவோர் ஒரே சொடுக்கில் விலகும் வசதியைத் தர வேண்டும் என்று ஜிமெயிலும் யாஹூவும் 2024 முதல் வலியுறுத்துவதால், இது முன்பைவிட எளிதாகிவிட்டது.

இரண்டாம் வகை மடலில் அதே இணைப்பை அழுத்துவது தவறு. ‘எனக்கு அனுப்பாதீர்கள்’ என்று பதில் எழுதுவதும் கூடாது. இந்த முகவரியை ஒருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார் என்பதை நாமே உறுதிசெய்து கொடுத்தவர்களாவோம். அவற்றை ‘ஸ்பேம்’ என்று குறித்துவிடுங்கள். வெறுமனே அழிப்பதைவிட இது நல்லது, ஏனெனில் ஸ்பேம் மடல்களைப் பிரித்தொதுக்கும் வடிகட்டி அதிலிருந்து கற்றுக்கொள்கிறது. மடலுக்குள் ஒளித்துவைக்கப்படும் கண்ணுக்குத் தெரியாத சிறு படம், நாம் அதைத் திறந்த நேரத்தை அனுப்பியவருக்குத் தெரிவித்துவிடக்கூடும் என்பதால், படங்கள் தாமாகத் தோன்றுவதை அமைப்புகளில் நிறுத்திவைக்கலாம்.

உண்மையில் அஞ்ச வேண்டியது, தெரிந்தவர் வேடத்தில் வரும் மடலுக்குத்தான். மின்னஞ்சலை அனுப்பும் எஸ்எம்டிபி நெறிமுறை 1982-இல் வகுக்கப்பட்டபோது, அனுப்புநர் சொல்லும் பெயர் உண்மைதானா என்று சரிபார்க்கும் ஏற்பாடு அதில் இல்லை. மடல் உண்மையிலேயே அந்த முகவரிக்குரிய தளத்திலிருந்துதான் வருகிறதா என்று பார்க்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் ஆகிய சோதனைகள் பின்னர் சேர்ந்தன. ஆனாலும் பெயர் என்னும் இடத்தில் உங்கள் வங்கியின் பெயரை எவரும் எழுதிக்கொள்ளலாம். ஆகவே பெயரை விட்டுவிட்டு, முகவரியைப் பாருங்கள்.

இணைப்பைத் திறக்கும் முன், கணினியில் சுட்டியை அதன்மேல் வைத்தாலோ, கைபேசியில் விரலைச் சற்று அழுத்திப் பிடித்தாலோ, அது செல்லும் முகவரி தெரியும். முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னுள்ள பகுதியை வலமிருந்து இடமாகப் படியுங்கள்: ‘டாட் காம்’ போன்ற முடிவும், அதற்கு இடப்புறம் ஒட்டியுள்ள சொல்லும்தான் தளம் யாருடையது என்பதைக் காட்டும். அதற்கும் இடப்புறத்தில் வங்கியின் பெயர் இருந்தால் அதற்கு எந்த மதிப்பும் இல்லை. உலாவியில் முகவரிக்கு அருகே தோன்றும் பூட்டுச் சின்னமும் நேர்மைக்குச் சான்றல்ல. தகவல் இடையில் எவரும் படிக்க முடியாதபடி மறையாக்கப்பட்டுச் செல்கிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. ‘இன்றே உங்கள் கணக்கு முடங்கிவிடும்’ என்று மடல் அவசரப்படுத்தினால், இணைப்பைத் தொடாமல், வங்கியின் செயலியையோ நீங்களே தட்டச்சு செய்த முகவரியையோ திறந்து பார்ப்பதே பாதுகாப்பானது.

ஒவ்வொரு கணக்குக்கும் தனிக் கடவுச்சொல் வேண்டும். அவற்றைக் கடவுச்சொல் மேலாளர் செயலியில் வைத்துக்கொள்வதை நான் பெரிதும் பரிந்துரைக்கிறேன், ஏனெனில் நம் கண் ஏமாந்தாலும், போலித் தளத்தின் முகவரி பொருந்தாததால் அது கடவுச்சொல்லைத் தானாக நிரப்பாது. அப்படி நிரப்பாதபோது, நகலெடுத்து ஒட்டாமல் நின்று கவனியுங்கள். கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் இயக்கிவையுங்கள்.

ஏற்கெனவே கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டீர்களா? உண்மையான தளத்தில் உடனே அதை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறுங்கள். பலரும் மறப்பது ஒன்றுண்டு: உங்கள் மடல்கள் வேறு முகவரிக்குத் தாமாகச் செல்லும்படி ‘ஃபார்வர்டிங்’ விதி ஏதேனும் அமைக்கப்பட்டுள்ளதா, மீட்பு முகவரியும் தொலைபேசி எண்ணும் உங்களுடையவைதானா என்று பார்த்து, அந்நியமானதை நீக்குங்கள்.