கராஜ் கதவு மக்கர் பண்ணுதா? புதுசா அமெரிக்கா வந்த குமரி மாவட்டத்துக்காரங்களுக்கு

லீவுக்கு தக்கலைக்கு வந்து மூணு நாள்தான் ஆச்சு. காலைல ஏழு மணி, அம்மா அவிச்ச மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் முன்னால இருக்கு, போன் அடிக்கு. அக்கா மவன். போன மாசம்தான் மிச்சிகன்ல வேலைக்குச் சேந்து ஒரு வாடகை வீட்டுக்குக் குடி போயிருக்கான், அங்க அப்ப முந்தின நாள் ராத்திரி எட்டரை. "மாமா, கராஜ் கதவு பாதி எறங்கிட்டு திரும்ப மேல போவுது, லைட்டு வேற விட்டு விட்டு மின்னுது, வெளிய மைனஸ் பதிமூணு, என்ன செய்ய?"ன்னு கேக்கான். வீடியோல பாத்தா பய கையில ஸ்பேனரோட ஸ்டூல் மேல நிக்கான். எடே, மொதல்ல அத கீழ வச்சிட்டு எறங்குன்னு சொன்னேன்.

நம்ம ஊர்ல வளந்தவனுக்கு இது ஒரு குணம். ஃபேன் சுத்தலன்னா கண்டென்சர நாமளே மாத்திருவோம், தண்ணி மோட்டார் ஏர் புடிச்சா நாமளே கழட்டிருவோம், ஆளக் கூப்பிட்டா ஏதோ கௌரவக் குறைச்சல் மாதிரி. அமெரிக்கா வீட்டுல கராஜ்னா கார் நிறுத்துற அறை, அதோட கதவு மோட்டார்ல மேல ஏறி கீழ எறங்கும். அந்தக் கதவுலயும் பாதிக்கு மேல நாமளே செய்யக்கூடிய வேலதான், அதுல ஒண்ணும் தப்பில்ல, ஆனா ஒரு சாமான் மட்டும் தொடவே கூடாது, அதுக்கு பிறகு வாரேன்.

மருமகனுக்கு வந்த மாதிரி கதவு எறங்கி எறங்கி மேல போச்சுன்னா பத்துக்கு எட்டு தடவ சென்சார்தான். கதவோட ரெண்டு பக்கமும் தரையில இருந்து 6 இஞ்ச் உயரத்துக்குள்ள சின்னதா ரெண்டு கண்ணு இருக்கும், ஒண்ணு கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்த அனுப்பும், எதிர்ல இருக்கது வாங்கும், நடுவுல பிள்ளையோ பூனையோ வந்தா கதவு எறங்காது. 1993 ஜனவரியில இருந்து அமெரிக்காவுல தயாராகுற வீட்டு ஓப்பனர்ல (கதவ ஏத்தி எறக்குற மோட்டார்) இந்த மாதிரி ஒரு பாதுகாப்பு கட்டாயம். ரெண்டு கண்ணுலயும் குட்டி லைட்டு உண்டு, நெறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஆனா ரெண்டும் மினுங்காம நிலையா எரியணும். ஒண்ணு அணைஞ்சோ துடிச்சோ கெடந்தா காரணம் அங்கதான். நெறைய மாடல்ல மேல மோட்டார் லைட்டே பத்து தடவ மின்னி சொல்லிக் குடுத்துரும்.

அப்ப என்ன பாக்கணும்னா, கண்ணுல ஒட்டடை இருக்கா, தூசியா, பனி அள்ளுற மண்வெட்டிய சாத்தி வைக்கும்போது இடிச்சு கோணிப்போச்சா. ஈரமில்லாத துணியால துடைங்க, கோணியிருந்தா அத பிடிச்சிருக்க பட்டாம்பூச்சி நட்டை லேசா லூஸ் பண்ணி லைட்டு நிலையா எரியுற வரைக்கும் கையால திருப்பி முறுக்குங்க. சாயங்காலம் மட்டும் கதவு எறங்க மாட்டேங்குதுன்னா வெயிலு நேரா கண்ணுல அடிக்கான்னு பாருங்க, ஒரு அட்டைக் குழல மாட்டி நிழல் குடுத்தா போதும்.

மருமகன கேமராவ கீழ காட்டச் சொன்னேன். லைட்டு ஒண்ணு இருக்கு, ஒண்ணு இல்ல. இன்னும் கிட்ட போடான்னேன். பாத்தா ஊர்ல இருந்து கொண்டு போன அட்டைப்பெட்டி, ஏத்தங்காய் சிப்ஸும் மொளவுப்பொடியும் கொண்டுபோனது, காலிப் பெட்டிய சுவரோரமா வச்சிருக்கான். மார்த்தாண்டத்துல வாங்கின மஞ்ச நைலான் கயித்தால எங்க அத்தான் எட்டு முடிச்சு போட்டு கட்டியிருந்தாரு, அந்தக் கயித்து நுனி ஒரு சாண் நீளத்துக்கு சென்சார் கண்ணுக்கு முன்னால தொங்குது, காத்துல ஆடுது வேற. அத ஒதுக்கினதும் லைட்டு வந்துட்டு, கதவும் எறங்கிட்டு. இதுக்குத்தான் ஸ்பேனர்!

சென்சாரே செத்துப்போச்சு, ராத்திரிக்கு எப்பிடியாவது மூடணும்னா சுவத்துல இருக்க பட்டன விடாம அமுக்கிப் பிடிங்க, கதவு தரைய தொடுற வரைக்கும் கைய எடுக்கக்கூடாது, பெரும்பாலான மாடல்ல எறங்கிரும். அப்ப கீழ யாரும் இல்லன்னு கண்ணால பாத்துக்கிடணும், ஏன்னா காவல் காக்குற கண்ணு வேல செய்யல.

இப்ப அந்த தொடக்கூடாத சாமான். ரெண்டு கார் கதவு 16 அடி அகலம், 7 அடி உயரம், இரும்புத் தகடுன்னாலும் 70 கிலோ கிட்ட வரும். மேல தொங்குற மோட்டார்தான் இத தூக்குதுன்னு நெனச்சா தப்பு. பழைய கிணத்துல துலா பாத்திருப்பீங்க, வாளி ஒரு பக்கம்னா மறுபக்கம் கல்லு கட்டியிருக்கும், கல்லோட கனம் இருக்கதாலதான் தண்ணி லேசா ஏறும். இங்க அந்தக் கல்லு வேலய செய்யது கதவுக்கு மேல குறுக்கா கம்பியில சுத்தியிருக்க ஸ்பிரிங். கதவு மூடியிருக்கும்போது அது முழுசா முறுக்கேறி இருக்கும். அது கையில பட்டா எலும்பு உடையும், ஆளே போயிருக்கான். ஸ்பிரிங் நுனியில இருக்க திருகாணி, கதவோட அடி மூலையில கேபிள் மாட்டியிருக்க தகடு, இது ரெண்டையும் ஸ்பேனரால தொட்டுறாதீங்க மக்ளே.

சாதாரண ஸ்பிரிங்குக்கு 10,000 தடவ ஏறி எறங்குறதுதான் ஆயுசு, நாளுக்கு நாலு தடவன்னா ஏழு வருஷம் கிட்ட. உடையும்போது திருவிழாவுக்கு கதினா வெடிச்ச மாதிரி ஒரு சத்தம் கேக்கும், வீட்டுக்குள்ள யாரோ சுட்டுட்டான்னு நெனச்சிருவோம். போயி அண்ணாந்து பாத்தா சுருளுக்கு நடுவுல ரெண்டு இஞ்ச் இடைவெளி தெரியும். அவ்வளவுதான், மோட்டார போட்டு அமுக்காதீங்க. செவப்புக் கயிறு ஒண்ணு தொங்குமே, அத இழுத்தா கதவு மோட்டார விட்டுக் கழண்டுக்கிடும், கரண்ட் போனா அப்பிடி இழுத்து கதவ கையால தூக்கலாம், ஆனா ஸ்பிரிங் உடைஞ்சு கதவு மேல நிக்கும்போது இழுத்தீங்கன்னா அத்தனை கனமும் ஒரேயடியா கீழ வரும். கதவு மூடியிருக்கும்போது மட்டும்தான் அந்தக் கயிறு.

குளிர்ல வார கோளாறு வேற மாதிரி. என்னோட மொத குளிர்காலத்துல, கதவோட அடி ரப்பர் தரையோட ஐஸா ஒட்டிப்போச்சு, எனக்கு தெரியல, ஆபீசுக்கு நேரமாச்சுன்னு பட்டன திரும்பத் திரும்ப அமுக்கினேன், மோட்டார் கத்துது, கதவு அசையல. கொஞ்ச நேரத்துல மோட்டார் அடியில வெள்ளையா பொடி கொட்டிக் கெடக்கு, பனிதான்னு நெனச்சு தொட்டா பிளாஸ்டிக். உள்ள இருக்க நைலான் பல்சக்கரம் அரைஞ்சு மாவாப் போச்சு. அதனால மோட்டார் ஓடுற சத்தம் கேக்குது, கதவு நகரலன்னா நிறுத்திருங்க. செவப்புக் கயித்த இழுத்துட்டு ஓரத்துல உள்ள ஐஸ மெதுவா தட்டி விடுங்க, கொதிக்கிற தண்ணி ஊத்தாதீங்க, அது அங்கேயே திரும்ப உறையும். கதவு தொறக்கலன்னு மூடின கராஜுக்குள்ள கார ஸ்டார்ட் பண்ணி சூடேத்துறது மட்டும் வேண்டவே வேண்டாம், கார்பன் மோனாக்சைடு வாசன கூட காட்டாது.

எண்ணெய் பத்தி ஒரு வார்த்த. எனக்குத் தெரிஞ்ச குளச்சல்காரர் ஒருத்தர் கீலுக்கெல்லாம் தேங்காண்ணெய் தேச்சாரு, நம்ம ஊர் பழக்கம், அங்க உள்ள குளிர்ல அது மெழுகு மாதிரி உறைஞ்சு கதவு முன்னவிட மோசமா கத்துச்சு. துரு விடுவிக்க அடிக்குற வழக்கமான டபிள்யூடி-40 ஸ்ப்ரேயும் இதுக்கு நிக்காது. கராஜ் கதவுக்குன்னே சிலிக்கோன், லித்தியம் கிரீஸ் ஸ்ப்ரே கிடைக்கும், கீலு, ரோலர், ஸ்பிரிங் மேல லேசா அடிங்க, ரோலர் ஓடுற ட்ராக்குல அடிக்காம துணியால துடைச்சு மட்டும் விடுங்க.

ரிமோட் வேல செய்யல, சுவத்து பட்டன் வேல செய்யுதுன்னா பேட்டரி (பெரும்பாலும் சிஆர்2032, காசு மாதிரி வட்டமா இருக்கது), இல்லன்னா பட்டன்ல லாக் போட்டுக் கெடக்கும், பிள்ளைங்க அமுக்கியிருக்கும். மோட்டார்ல புதுசா மலிவு எல்இடி பல்பு மாட்டினதுக்கு அப்புறம் ரிமோட் தூரம் குறைஞ்சா பல்புதான் குத்தவாளி. எதுவுமே வேல செய்யலன்னா பிளக்குல கரண்ட் வருதான்னு பாருங்க, சிரிக்காதீங்க, எனக்கே நடந்திருக்கு.

வாடகை வீடுன்னா கழட்டுறதுக்கு முன்னால வீட்டுக்காரருக்கு போட்டோவோட மெசேஜ் போட்டுருங்க, செலவு பெரும்பாலும் அவரோடது. சொந்த வீடுன்னா ரெண்டு மூணு இடத்துல விலை கேளுங்க. என் வீட்டுக்கு வந்த ஒரு ஆளு ஸ்பிரிங் போனதுக்கு முழுக் கதவையும் மாத்தணும்னு சொன்னான், அடுத்த ஆளு ரெண்டு ஸ்பிரிங்கையும் மாத்திட்டு போயிட்டான். ரெண்டு இருந்தா ரெண்டையும் சேத்து மாத்துறது நியாயம்தான், ஒரே வயசு. வேல முடிஞ்சதும் ஒரு டூ பை ஃபோர் கட்டைய (அங்க கடையில கிடைக்குற ஒண்ணரை இஞ்ச் கன மரச்சட்டம்) தரையில படுக்க வச்சு கதவ எறக்கிப் பாருங்க, கட்டையில தட்டினதும் திரும்ப ஏறணும், ஏறலன்னா ஆள விடாதீங்க.

மருமகன் அந்த மஞ்சக் கயித்த வீணாக்கல. கராஜுக்குள்ள குறுக்க கட்டி துணி காயப்போடுதான், வெளிய போட்டா குடியிருப்பு அசோசியேஷன்காரன் லெட்டர் போடுவானாம்.