ஐப்பசியில் சிக்கிய இழுப்பறை

குன்னூரில் எங்கள் வீட்டிலுள்ள பழைய நாட்டுத் தேக்கு அலமாரியின் கீழ் இழுப்பறை, வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பாதி வழியில் இறுகிக்கொண்டது. மெழுகுவர்த்தியைத் தேய்த்தேன், பயனில்லை. நூறு வாட் பல்பை இரண்டு நாள் உள்ளே எரியவிட்டேன், சற்றுத் தளர்ந்து அடுத்த மழைக்கே மீண்டும் இறுகியது. பக்கப் பலகையை இழைப்புளியால் சீவியதுதான் நான் செய்த பெரிய தவறு. வெயில் காலத்தில் அது தொளதொளவென்று ஆடும்.

ஐந்தாம் நாள் அளவுநாடா வைத்துப் பார்த்தபோது, முன்பக்கம் 42 செ.மீ. அகலமிருந்த இழுப்பறை நடுவில் மட்டும் 4 மி.மீ. புடைத்திருந்தது. மரம் நாரின் குறுக்கேதான் அதிகம் உப்பும். அடிப்பலகையின் நாரோ முன்னிருந்து பின்னாக ஓடியது. ஆகவே அது பக்கவாட்டில் விரிய, பழைய ஆசாரி இருபுறக் காடிகளிலும் (பலகை செருகும் பள்ளங்களிலும்) இடைவெளி விட்டிருந்தார். பின்னாளில் யாரோ அதை ஓட்டை என்று எண்ணி, மரத்தூளும் வெள்ளைப் பசையும் குழைத்து அடைத்துவிட்டார்கள்! விரிய இடமின்றிப் பலகை பக்கங்களைத் தள்ளியது. மூலை இணைப்புகள் உறுதியாக இருந்ததால் நடு மட்டும் புடைத்தது.

வெதுவெதுப்பான வினிகரால் பசையை ஊறவைத்து, மெல்லிய உளியால் காடியைச் சுரண்டினேன். அடிப்பலகையின் பின்பக்க விளிம்பின் நடுவில் ஒரே ஒரு ஆணி அடித்தேன். இப்போது அடைமழையிலும் ஒரு விரலால் இழுக்க வருகிறது.