பரலோகத்தைப் பற்றிப் பேசும்போது நாம் விடும் பிழைகள்

"பிள்ளை சம்மனசாயிட்டுது. இனி அழக்கூடாது." சம்மனசு என்றால் வானதூதர். எங்கள் வன்னிப் பக்கத்துச் செத்தவீடுகளில் இந்த வார்த்தையைக் கேட்காத தாய் குறைவு. 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு முல்லைத்தீவுக் கரையில் சொன்னார்கள். 2009 மே மாதத்தில் போர் முடிந்த பிறகு செட்டிகுளம் முகாம்களில், தறப்பாளுக்குக் கீழே இருந்து சொன்னார்கள். எல்லோரும் அன்போடுதான் சொன்னார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். பல வருடமாகப் பங்கில் மறைக்கல்வி படிப்பிக்கிறேன். ஆறுதல் என்று நினைத்து நாம் சொல்வதற்கும் திருச்சபை விசுவசிப்பதற்கும் எவ்வளவு தூரம் என்பது, படிப்பிக்கப் படிப்பிக்கத்தான் எனக்கே தெரிந்தது. வன்னியில் பரலோகம் என்பது ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டுமான பேச்சில்லை. ஏதோ ஒரு வீட்டில் தினமும் அந்தப் பேச்சு நடக்கிறது. அதனால் பிழை விடாமல் பேசப் பழகுவது முக்கியம்.

முதலில் சம்மனசு விஷயம். மனிதர் இறந்தால் சம்மனசு ஆவதில்லை. சம்மனசுகள் வேறு படைப்பு, நாம் வேறு படைப்பு. லூக்கா 20:36இல், உயிர்த்தெழுந்தவர்கள் வானதூதரைப் போல இருப்பார்கள் என்று இயேசு சொல்கிறார். இனிச் சாகமாட்டார்கள் என்பதைச் சொல்லத்தான் அந்த ஒப்பீடு. 'போல' என்றிருப்பதை நாம் 'ஆக' என்று வாசித்துவிட்டோம். சின்ன எழுத்துப் பிழை என்று இதை விடமுடியாது. உயிர்த்த ஆண்டவர் மகதலா மரியாளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், தோமாவுக்குக் கையிலிருந்த தழும்பைக் காட்டினார். பெயரும் அழியவில்லை, காயத்தின் அடையாளமும் அழியவில்லை. அப்படியென்றால் அந்தத் தாய்க்கு வாக்களிக்கப்பட்டிருப்பது அவள் இழந்த அதே பிள்ளை. சிறகு முளைத்த வேறொருவரைக் காட்டி அவளைச் சமாதானப்படுத்தத் தேவையில்லை. 'அழக்கூடாது' என்பதற்கும் வேதத்தில் இடமில்லை. லாசரை எழுப்பப் போவது தெரிந்திருந்தும், இயேசு அந்தக் கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார்.

அடுத்தது 'மகிமை' என்ற சொல். கத்தோலிக்கரின் புதிய மொழிபெயர்ப்பில் அது 'மாட்சி' ஆகிவிட்டது. சில வயதானவர்கள் இரண்டும் வேறு வேறு என்று நினைக்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான். மகிமையைக் கீறச் சொன்னால் பிள்ளைகள் மஞ்சள் பென்சிலை எடுத்துத் தலைக்குப் பின்னால் ஒரு வட்டம் போடுவார்கள். பெரியவர்களும் மனதுக்குள் அதையேதான் வைத்திருக்கிறோம், கண் கூசும் ஒரு வெளிச்சமாக. வெளிச்சமும் உண்டுதான், சீனாய் மலையிலிருந்து இறங்கிய மோசேயின் முகம் ஒளிர்ந்ததாகவே எழுதியிருக்கிறது. ஆனால் எபிரேய மொழியில் அந்தச் சொல் 'கபோத்'. அதன் அடியில் இருக்கும் பொருள் பாரம். தமிழருக்கு இதை விளங்கப்படுத்துவது சுகம், ஏனென்றால் நம்மிடம் 'கனம்' இருக்கிறது. நெல்லு மூட்டையும் கனம், பெரியவர்களுக்குச் செய்யும் மரியாதையும் கனம். 'உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக' என்ற கட்டளையில் எபிரேயத்தில் இருப்பதும் கபோத்தின் அதே அடிச்சொல்தான். கடவுளின் மகிமை என்றால், இலேசாகத் தள்ளி வைக்கமுடியாத அவருடைய இருப்பு.

அந்த இருப்பு எப்படிப்பட்டது? யாத்திராகமம் 33இல் மோசே, உமது மகிமையை எனக்குக் காட்டும் என்று கேட்கிறார். என் நன்மை முழுவதையும் உனக்கு முன்பாகக் கடந்துபோகப் பண்ணுவேன் என்று பதில் வருகிறது. அடுத்த அதிகாரத்தில் ஆண்டவர் கடந்துபோகும்போது மோசேக்குக் கேட்பது இரக்கம், பரிவு, நீடிய பொறுமை என்ற வார்த்தைகள். மகிமையைக் கேட்டவருக்கு நன்மையைக் காட்டினார். மகிமை என்றதும் நல்ல வருமானம், பெரிய கோயில், உயர்ந்த கோபுரம் என்று பிரசங்கிப்பவர்கள் இந்த இரண்டு அதிகாரங்களையும் ஒருதடவை ஆறுதலாக வாசிக்க வேண்டும்.

கட்டிடத்தோடு மகிமையைக் கட்டிவைப்பது இன்னொரு பிழை. இதில்தான் வன்னிக்காரருக்கு மற்றவர்களைவிட நன்றாக விளங்கும் ஒரு புத்தகம் இருக்கிறது, எசேக்கியேல். கி.மு. 597இல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களில் ஒருவர் அவர். குருக்களின் குடும்பத்தைச் சேர்ந்தவர், கோயில்தான் அவருக்கு வாழ்க்கை. கோயில் அங்கே, அவர் இங்கே, கெபார் ஆற்றோரத்தில் இடம்பெயர்ந்தவர்களோடு. அந்த ஆற்றோரத்தில்தான் அவர் ஆண்டவரின் மகிமையைக் காண்கிறார். சிம்மாசனத்துக்குச் சக்கரங்கள் இருந்தன. நான்கு முகமுள்ள உயிரினங்கள் எப்படி இருக்கும் என்று நாம் மினக்கெட்டு ஆராய்கிறோம், சக்கரத்தை விட்டுவிடுகிறோம். சக்கரம் ஏன்? போகும் இடமெல்லாம் கூடப்போவதற்கு. பிறகு 10ஆம், 11ஆம் அதிகாரங்களில் அதே மகிமை எருசலேம் கோயிலை விட்டு வெளியேறுகிறது. கோயில் விழுந்தது கி.மு. 586 அளவில். அதற்கு முன்பே மகிமை அகதிகளிடம் வந்துவிட்டது.

மடு மாதாவைப் பற்றிப் பேசும்போது இதை நினைத்துக்கொள்ள வேண்டும். ஒல்லாந்தர் காலத்தில் மாந்தையிலிருந்து காட்டு வழியே மக்களோடு வந்த சொரூபம் அது என்பது நமக்கு வழிவழியாக வந்த வரலாறு. 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது குருக்கள் அதைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். 'மாதாவும் எங்களோட இடம்பெயர்ந்தா' என்று சனம் சொன்னது. அதில் பிழையில்லை. கோயில் எல்லைக்குள் ஒன்றும் நடக்காது என்று நம்பியதுதான் பிழை. 1999 நவம்பரில் மடுக் கோயிலில் தஞ்சமடைந்திருந்தவர்களே எறிகணைக்குப் பலியானார்கள். அதனால் கடவுள் அங்கே இருக்கவில்லை என்று ஆகிவிடாது. சொரூபத்துக்குக் கொடுக்கும் வணக்கம் அது குறிக்கும் ஆளையே போய்ச் சேருகிறது என்று 787இல் இரண்டாம் நீசேயா சங்கம் தீர்த்துச் சொன்னது. மரத்துக்குள்ளும் சுவருக்குள்ளும் மகிமை அடைபட்டிருக்கிறது என்று திருச்சபை ஒருபோதும் போதித்ததில்லை.

யோவான் நற்செய்தி இதைவிடத் தூரம் போகிறது. 'வார்த்தை மனிதரானார், நம்மிடையே குடிகொண்டார்' என்று நாம் வாசிக்கும் இடத்தில், கிரேக்கச் சொல்லின் நேர்ப்பொருள் 'கூடாரம் போட்டார்' என்பது. உடனே அடுத்து வருவது, 'அவருடைய மாட்சியை நாங்கள் கண்டோம்'. செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் கூடாரத்துக்குள் வெயிலும் வெள்ளமும் பார்த்த பிள்ளைகளுக்கு இதை நான் படிப்பித்திருக்கிறேன். எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. அதே யோவானில், 'மானிடமகன் மாட்சி பெறும் நேரம் வந்துவிட்டது' என்று இயேசு சொல்வது சிலுவைச் சாவைக் குறித்து. மகிமை என்பது கஷ்டம் எல்லாம் முடிந்த பிறகு கிடைக்கும் பரிசு என்று படிப்பித்தால் யோவானை நாம் தலைகீழாகப் பிடிக்கிறோம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பவுல் 2 கொரிந்தியர் 4:17இல், இலேசான நம்முடைய உபத்திரவம் நித்திய கனமகிமையை உண்டாக்குகிறது என்று எழுதினார். கனமகிமை என்று போட்ட பழைய மொழிபெயர்ப்பாளருக்கு என் வணக்கம். ஆனால் இந்த வசனத்தை எடுத்து, காலை இழந்த ஒருவரிடமோ மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தவரிடமோ உங்கள் துன்பம் இலேசானது என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. சாட்டையடியும் கல்லெறியும் கப்பற்சேதமும் பட்ட பவுல் தன் துன்பத்தை இலேசு என்றார். அடுத்தவரின் துன்பத்தை நிறுத்துப் பார்க்க அவர் தராசு தரவில்லை.

'மோட்சம்' என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். நம் அயலவர்களான சைவர்களிடம் அது பிறவியிலிருந்து கிடைக்கும் வீடுபேறு. கிறிஸ்தவர்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டோம், பொருள் வேறு. உலகத்தையும் உடலையும் கழற்றிவிட்டுப் போவதே மோட்சம் என்று நினைத்தால் விசுவாசப் பிரமாணத்தின் 'சரீர உத்தானம்' (உடலின் உயிர்த்தெழுதல்) என்ற சொல் பொருளில்லாமல் நிற்கும். திருவெளிப்பாடு 21இல் யாரும் மேலே போகவில்லை. புதிய எருசலேம் என்ற நகரம்தான் கீழே இறங்கி வருகிறது. 'உம்முடைய இராச்சியம் வருக' என்றுதான் தினமும் செபிக்கிறோம். புதிய வானமும் புதிய பூமியும் எப்படி இருக்கும் என்று ஏசாயா 65 சொல்கிறது: வீடு கட்டுகிறவர்களே அதில் குடியிருப்பார்கள், நட்டவர்களே பலனைச் சாப்பிடுவார்கள், ஒருவர் கட்ட வேறொருவர் குடியிருக்க மாட்டார். 2017இல் கேப்பாப்புலவில் படையினர் வசமிருந்த சொந்தக் காணியைக் கேட்டு வீதியோரத்தில் இருந்தவர்களுக்கு இந்த வசனம் ஆகாயத்தைப் பற்றியதாகத் தெரிந்திருக்காது.

எல்லாவற்றையும்விட எனக்கு நோகும் பிழை ஒன்று இருக்கிறது. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராடத் தொடங்கினார்கள். படத்தை மடியில் வைத்துக்கொண்டிருக்கும் அம்மாக்களிடம், 'அவர் பரலோகத்தில் இருக்கிறார் என்று நினைத்து மனதை ஆற்றுங்கோ, எல்லாம் கடவுள் பார்த்துக்கொள்வார்' என்று சொல்கிற கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். முதலாவது, அந்த மகன் இறந்துவிட்டார் என்று தீர்ப்புச் சொல்ல நாம் யார்? இரண்டாவது, பரலோகத்திலேயே அந்தக் கேள்வி ஓயவில்லை. திருவெளிப்பாடு 6:10ஐத் திறந்து பாருங்கள். கொல்லப்பட்டவர்களின் ஆன்மாக்கள் பலிபீடத்தின் கீழிருந்து, 'ஆண்டவரே, எவ்வளவு காலம்?' என்று உரத்த குரலில் கேட்கின்றன. எங்கள் இரத்தத்துக்கு எப்போது நியாயம் வழங்குவீர் என்பது அவர்கள் கேள்வி. யாரும் அவர்களை வாயை மூடச் சொல்லவில்லை. வெள்ளை அங்கி கொடுத்து, இன்னும் கொஞ்சக் காலம் பொறுத்திருங்கள் என்று பதில் வருகிறது. கடவுளின் சிம்மாசனத்துக்கு முன்னால் கேட்கக்கூடிய கேள்வியைக் கிளிநொச்சித் தெருவில் கேட்கக்கூடாது என்று பரலோகத்தின் பெயரால் தடுப்பது எந்த நியாயம்?

தங்கத் தெரு, முத்து வாசல் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒரு கணக்கு மட்டும். அந்த நகரத்தின் நீளம், அகலம், உயரம் மூன்றும் 12,000 ஸ்தாதியு, ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். இவ்வளவு பெரிய பெட்டி எங்கே வந்து இறங்கும் என்று கேட்பவர்கள், 1 அரசர் 6:20ஐயும் பார்க்க வேண்டும். சாலமோன் கட்டிய கோயிலின் மகா பரிசுத்த தலம் மூன்று பக்கமும் 20 முழம். அதே வடிவம். தலைமைக்குரு வருடத்தில் ஒருநாள் நுழைந்த அந்த அறை முழு நகரமாகிவிட்டது, எல்லோரும் அதற்குள்ளேயே குடியிருக்கிறார்கள். அதனால்தான் அந்த நகரத்தில் தனியாகக் கோயில் இல்லை. அளவுநாடாவை வைத்துவிட்டு அதைப் பார்க்க வேண்டும். செத்துப் பிழைத்து பரலோகத்தைப் பார்த்துவந்தேன் என்று யூடியூபில் விலாவாரியாகச் சொல்பவர்களைக் கேட்கும்போது, மூன்றாம் வானம் வரை எடுத்துக்கொள்ளப்பட்டதைப் பற்றிப் பவுல் எவ்வளவு சுருக்கமாகப் பேசினார் என்பதை ஞாபகத்தில் வைத்தால் போதும். மனிதர் பேசக்கூடாத வார்த்தைகளைக் கேட்டதாகச் சொல்லி அவர் நிறுத்திக்கொண்டார்.

உத்தரிக்கும் ஸ்தலம் பற்றி ஒரே குடும்பத்துக்குள் சண்டை வருகிறது. அக்கா பூசைக்குப் போவார், தம்பி பெந்தகோஸ்து சபைக்குப் போவார். கத்தோலிக்கர் அதை ஏற்கிறோம், 1563இல் திரெந்து சங்கம் அதை உறுதிசெய்தது. மீட்படைந்தவர்களே அங்கே தூய்மையாகிறார்கள், அது இரண்டாவது நரகமுமில்லை, இரண்டாவது வாய்ப்புமில்லை. மற்றச் சபைகள் ஏற்பதில்லை. அந்த வாக்குவாதத்தைப் பிரேதத்துக்குப் பக்கத்தில் வைத்து நடத்தாமல் விட்டால் பெரிய உபகாரம்.

சரி, கடல் விஷயத்துக்கு வருகிறேன். கரைவலை இழுக்கும் ஒரு ஐயா ஒருநாள் என்னைக் கேட்டார்: "திருவெளிப்பாடு 21இல் 'கடலும் இல்லாமல் போயிற்று' என்று கிடக்கே, அங்க எங்களுக்கு என்ன வேலை?" வேத எழுத்தில் கடல் பல இடங்களில் குழப்பத்தின், சாவின் அடையாளம் என்று சொன்னேன். திருவெளிப்பாட்டில் மிருகமே கடலிலிருந்துதான் வருகிறது. 21க்கு முந்திய அதிகாரத்தில், கடல் தன்னிடமிருந்த இறந்தவர்களைத் திருப்பிக் கொடுக்கிறது. சுனாமியில் பேரப்பிள்ளையின் உடல்கூடக் கிடைக்காதவர் அவர். அந்த வசனத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்.

அப்புறம் எசேக்கியேல் 47ஐ எடுத்தேன். 43இல் மகிமை கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டது. இப்போது வாசற்படியின் கீழிருந்து தண்ணீர் கசிந்து, ஆறாகி, ஒரு உயிரும் வாழாத சாக்கடலில் போய் விழுகிறது. அந்தத் தண்ணீர் நல்லதாகிறது. எங்கேதி முதல் எனெக்லாயிம் வரை கரையெல்லாம் மீனவர்கள் நிற்பார்கள், வலை விரிக்கும் இடமாக இருக்கும், பல இன மீன்கள் ஏராளமாகக் கிடைக்கும். சேற்று நிலமும் சதுப்பும் மட்டும் நல்லதாகாமல் உப்புக்கு விடப்படும்.

"ஆனையிறவு உப்பளம் மாதிரி," என்றார் ஐயா. கொஞ்சம் பொறுத்து, "வலை விரிக்கிற இடம் எண்டால் அது பாடு. பாடு இருந்தால் மீனவர் தங்கிற வாடியும் இருக்கும்," என்றார்.